மூன்று ஓலை

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று போன் போட்டுக் கேட்டேன். "என்னப்பத்தி எழுதணும்னா எழுதிக்கோ தம்பி. பேரு மட்டும் வேண்டாம். பேரு எனக்க அப்பன் வச்சது. அத ஒனக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது" என்றார். அப்பா செத்து எவ்வளவோ காலம் ஆயிற்று. செத்தவரிடம் எப்படியக்கா கேட்பது என்று நான் வாயைக் கொடுத்திருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். எதற்கு வம்பு என்று சரி சொல்லிவிட்டேன். எங்களுக்கு எந்நாளும் அவர் ஓலையக்காதான்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, நாகர்கோவிலில் நான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த காலம். நம் மாவட்டத்துக்காரர்கள் கூடி வாயடிப்பதற்கென்றே ஒரு இணையப் பக்கம் தொடங்கினேன். 'முக்கு' என்று பெயர். நாலு ரோடு கூடுகிற முக்கில் நின்று பேசுவதுபோல யார் வேண்டுமானாலும் வரலாம், எதைப் பற்றியும் சண்டை போடலாம். பாதிப்பேர் வளைகுடாவில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு என்பதால் அன்றைக்கு முக்கில் தீப்பறக்கும். ரோபோ வந்தால் வேலை போகுமா, நிலாவில் தண்ணீர் இருந்தால் நமக்கென்ன, ஒரு பாட்டை இறக்கிக்கொண்டால் அது களவா என்று ஓயாமல் பேசுவோம். எனக்கு வாய் நீளம். வாதத்தில் தோற்பது என் ஜாதகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓலையக்கா முதலில் வந்தது ஒரு ராக்கெட் கட்டுரைக்கு அடியில். களியக்காவிளைக்காரர் ஒருவர், சவுதியில் தம்மாம் ஊரில் ஃபோர்மேன், எங்களில் மூத்தவர், ஏதோ வாரப் பத்திரிகையில் வந்ததை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே 'நன்றி: இணையம்' என்று எழுதியிருந்தார். அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். அதற்கு அடியில் புதிதாக ஒருவர் எழுதினார்.

"அண்ணே, இந்த இணையம்னு பட்டவரு ஆரு? வீடு எங்க? அவருகிட்ட கேட்டுட்டா எடுத்திய?"

தம்மாம் அண்ணன் சிரித்துவிட்டுப் போயிருப்பார். நான்தான் சும்மா இருக்கமாட்டாமல் குறுக்கே விழுந்தேன். களவென்றால் ஒருத்தனிடம் இருந்தது இல்லாமல் போகணும், நகல் எடுத்தால் அவன் பொருள் அவனிடமே இருக்கிறதே, யாருக்கு என்ன குறைந்தது என்று பத்தி பத்தியாக எழுதினேன். பதில் ஒரே வரியில் வந்தது.

"ஒண்ணும் கொறையாது தம்பி. கேட்டா மட்டும் என்ன கொறைஞ்சு போவும்?"

இன்றுவரை அதற்கு நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அன்று கிடைத்துவிட்டதாக நினைத்து வேறு எதையோ எழுதித் தொலைத்தேன்.

எழுதியவன் யாரென்றே தெரியாத சரக்கை என்ன செய்வது என்று தம்மாம் அண்ணன் கேட்டார். அதற்குத்தான் இவர் ஓலையைக் கொண்டுவந்தார். தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரர் இவர். அங்கே மாதா கோயிலில் ஒரு கல்யாணம் நடக்கவேண்டுமென்றால், அதற்கு முந்திய மூன்று ஞாயிறும் பூசையில் பங்குச் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஊரறியக் கேட்பது.

"ஒருத்தனும் ஒண்ணும் சொல்லப்போறதில்லன்னு சாமியாருக்கும் தெரியும். என்னாலும் வாசிப்பாரு. இஞ்சயும் அப்படிச் செய்வோம். இன்ன படம், இன்ன பாட்டு, இத போடப்போறோம், சொந்தக்காரன் இருந்தா வந்து சொல்லு. மூணு ஞாயிறு. பிறவு போடுவோம்."

"ஏ பிள்ளே, நாலு நாள் லீவுல கல்யாணத்துக்கு வாறவன் என்ன செய்வான்?" என்று கேட்டார் தம்மாம் அண்ணன்.

"ஆயருகிட்ட அனுமதி வாங்கினா மூணு ஓலையும் ஒண்ணா வாசிக்கலாம் அண்ணே. அது தலபோற காரியத்துக்கு. ஒங்க ராக்கெட்டுக்கு என்ன அவசரம்?"

கேலியாகத்தான் அந்தச் சட்டத்தை வைத்தோம். ஓலையக்கா என்ற பெயரும் அந்தக் கேலியில் வந்ததுதான். கொஞ்ச நாளில் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தின் படம் ஒன்றுக்கு ஓலை போட்டிருந்தோம். ஆறு கடலில் சேருகிற இடத்தில் சாயங்கால வெயிலும் ஒற்றை வள்ளமும். இரண்டாவது ஞாயிறு மஸ்கட்டில் இருந்து ஒருவர் வந்தார். "படம் நான் எடுத்தது. எத்தனையோ பேரு எடுத்துப் போட்டாச்சு. ஒருத்தரும் இதுவரை கேட்டதில்ல. தாராளமா போட்டுக்கிடுங்க, எனக்கு சந்தோஷம்" என்று எழுதினார். பிறகு முக்கில் யாரும் ஓலையைக் கேலிசெய்யவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

புதுக்கடை சந்தைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு டிடிபி கடை. கல்யாண அட்டை, பிள்ளைகள் முதல்தடவை நற்கருணை வாங்கும்போது கொடுக்கிற புதுநன்மை அட்டை, செத்தவர்களுக்கு ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடித்துக்கொடுப்பார். பிரிண்டர் மக்கர் பண்ணியது என்று முதல்முறை போனபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எழுத்தைப் பார்த்து ஒரு பெரிய ஆளை மனதில் வைத்துப் போயிருந்தேன். ஒல்லியாக, கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடியோடு, சத்தமே எழாமல் பேசுகிற மனுஷி. டீ வாங்கித் தந்தார். பக்கத்தில் ஒருவர் படித்துவிட்டு வைத்துப்போன பேப்பரை நான் எடுக்கப்போனேன். "அவரு டீக்கடையிலதான் நிக்காரு, ஒரு வார்த்த கேட்டுட்டு எடு" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. சவத்தை விடு, படிக்கவே வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நான் பிரிண்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்தார். அப்பா இறந்துவிட்டார், போஸ்டர் அடிக்கணும் என்று ஒரு படத்தை நீட்டினார். இவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மைகிட்ட கேட்டியளா?" என்றார்.

"அம்மை அங்க கெடந்து அழுவுது. போஸ்டருக்குப் படம் எதுன்னா போய்க் கேக்க?"

"இதத்தான் கேக்கணும். அவியளுக்க ஆளுல்லா."

வந்தவர் முனகிக்கொண்டே போன் போட்டார். போனை வைத்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "இந்தப் படம் வேண்டாங்குது. அன்னைக்கு ரெண்டுபேருக்கும் சண்டையாம், மொகத்தப் பாருன்னு சொல்லுது. தங்கச்சி கல்யாணத்துல சிரிச்சுட்டு நிக்குத படம் இருக்காம். எடுத்துட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எல்லாக் கடைகளிலும் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொடுத்த காலம் அது. இவர் கடையில் அது கிடையாது. வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். "இப்படியே போனா கடைய இழுத்துமூட வேண்டியதுதான் அக்கா" என்று சொல்லிப்பார்த்தேன். "உள்ளது போரும் தம்பி" என்றார். பிடிவாதம் என்று நினைத்தேன். பிடிவாதம்தான்.

நிலாவுக்கு நம் நாட்டுக் கலம் போன நேரம், தம்மாம் அண்ணன் மகளின் பிறந்தநாளுக்கு நிலாவில் ஒரு ஏக்கர் வாங்கிவிட்டார். அப்படி விற்கிற வெளிநாட்டுப் பக்கங்கள் அப்போது இருந்தன. தங்கமுத்திரை குத்திய பத்திரத்தை முக்கில் போட்டார். மகளைக் கட்டப்போகிறவனுக்கு அவர் நிலா மாமனார் என்றும் பேச்சிப்பாறை அணைக்கு அங்கிருந்து வாய்க்கால் வெட்டலாம் என்றும் ஆளாளுக்குக் கொண்டாடினோம். கடைசியில் இவர் வந்தார்.

"அண்ணே, வித்தவனுக்கு அத ஆரு குடுத்தா?"

"நிலா ஆருக்கும் சொந்தமில்ல பிள்ளே. முந்திக்கிட்டவனுக்குள்ளது."

"ஆருக்கும் சொந்தமில்லன்னு சொல்லித்தான் எங்க கடக்கரையையும் பொறம்போக்குன்னு எழுதி வச்சிருக்கு. எனக்க வீட்டுக்குப் பட்டா இல்ல அண்ணே. எனக்க அப்பனும் அவருக்க அப்பனும் அதுலதான் கெடந்து செத்தாவ. ஆருக்கும் இல்லாத எடம்னு சொல்லுதவன், அங்க இருக்கவன்கிட்ட கேக்காதவனாத்தான் இருப்பான்."

தம்மாம் அண்ணன் அந்தப் பத்திரத்தை ஏற்கெனவே சட்டம்போட்டு வீட்டில் மாட்டிவிட்டார். எடுக்க மனசு வரவில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

தம்பி ஒருவன் உண்டு அவருக்கு. கடலில் தூண்டில் போடுகிறவன். ஒருமுறை நான் கடையில் இருக்கும்போது வந்தான். கறுத்துச் சிரித்த முகம், சட்டையில் டீசல் வாடை. சின்ன மெமரி கார்டு ஒன்றை மேசையில் வைத்தான்.

"அக்கா, இத பத்திரமா வச்சிரு. ஜிபிஎஸ்ஸுல உள்ள பாரெல்லாம் இதுல உண்டு. மெசின் தண்ணியில போனாலும் இது இருக்கட்டு. ஒருத்தனுக்கும் காட்டாத."

"நான் பாக்கலாமா மக்கா?"

"நீயும் பாக்காத" என்று சிரித்தான்.

"செரி" என்று கார்டை ஜெபமாலை டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத்திட்டு. மீன் அங்கேதான் கூடும். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் நேர்பிடித்து முன்னோர் அந்த இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கணியம் என்று பெயர். இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது, அவ்வளவுதான். பார் கண்டவன் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பான், பக்கத்து வள்ளத்துக்காரனுக்குச் சொல்லமாட்டான். பட்டா இல்லாத கரையில் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போக அது ஒன்றுதான் உண்டு.

இதைத் தெரிந்துகொண்டே தம்மாம் அண்ணன் முக்கில் ஒரு யோசனை வைத்தார். எல்லோரும் தங்கள் பார்களைக் கொடுத்தால் ஒரே வரைபடமாகச் செய்து பொதுவில் போட்டுவிடலாம். நான் துள்ளினேன். அறிவு பொதுச்சொத்து, பூட்டிவைத்தால் துருப்பிடிக்கும், வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது அது காட்டித்தரும் இடம் மட்டும் ஏன் ஒருத்தனுக்கு என்றெல்லாம் அடுக்கினேன். "குடுக்கணும்னு நெனக்கவன் குடுக்கட்டு. குடுக்காதவன கள்ளன்னு சொல்லாதுங்க" என்றார் ஓலையக்கா. அப்போது தம்மாம் அண்ணன் கேட்டார்.

"ஒருநாள் ஒருத்தன் திரும்பி வரல்லன்னு வையி பிள்ளே. எங்க போனான்னு தெரியாம எங்க போய்த் தேடுவிய?"

எதற்கும் ஒரு வரியாவது எழுதுகிறவர் இதற்கு எழுதவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

செவ்வாய்க்கு அனுப்பிய கலம் போய்ச் சேர்ந்த சமயம். ஏழை நாட்டுக்கு இது தேவையா என்று முக்கில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் கடையில் இருந்தேன், போன் வந்தது. "தம்பி, அந்த கார்டப் போட இஞ்ச உள்ள கம்ப்யூட்டருல எடம் கெடையாது. நீ ஒண்ணு வாறியா?" குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. தம்பியின் வள்ளம் வரவேண்டிய நாள் கடந்துவிட்டது என்று அதற்குப் பிறகுதான் சொன்னார். கடல் கெட்டுக் கிடந்தது. ஊர் வள்ளங்கள் தேடப் போயிருந்தன. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

நான் போனபோது கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். உள்ளே அவர் ஜெபமாலை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் கையை நீட்டினேன். தரவில்லை. போனை எடுத்துத் தம்பியின் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்குரல் சொன்னது. தமிழில் சொல்லி, மலையாளத்தில் சொல்லி, ஆங்கிலத்திலும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். மறுபடியும் போட்டார். மறுபடியும் முழுதாகக் கேட்டார். வாசலில் ஒருத்தி, "ஏட்டி, அங்க ஆளு சாவுது, நீ என்னத்துக்குப் போனக் குத்திக்கிட்டு இருக்க?" என்று அழுதாள். இவர் மூன்றாவது முறையும் போட்டு, முடியும்வரை கேட்டுவிட்டு, டப்பாவைத் திறந்தார்.

"போடு தம்பி" என்றார். கார்டை வாங்கி லேப்டாப்பில் செருகினேன்.

இடங்களை அச்செடுத்துத் துறைமுகத்துக்குக் கொடுத்தனுப்பினோம். அது போதாது. நம் ஆட்களின் படகுகள் கொச்சி வரைக்கும் பரவிக் கிடந்தன. அவர்களுடைய அண்ணன் தம்பிகள் முக்கில் இருந்தார்கள். "முக்குல போடு" என்றார். பிறகு, "நீ போடாத, நான் போடுதேன்" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்க தம்பிக்க பாரெல்லாம் இதுல இருக்கு. அவன்கிட்ட கேக்காம போடுதேன். மூணு ஓலையும் ஒண்ணா வாசிக்கேன். தடை சொல்ல உரிமை உள்ளவன் அவன் ஒருத்தன்தான். வந்து சொல்லட்டு."

தம்மாம் அண்ணன் உடனே எழுதினார். "பார்த்தாச்சு பிள்ளே. போனுல பிடிக்க முடியுத படகுக்காரன் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன்." அவர் பழைய கேள்வியை நினைவூட்டவில்லை. நல்ல மனுஷன். வேறு எவனோ ஒருவன் மட்டும், செவ்வாய்க்குப் போனது எங்கே இருக்கிறதென்று தெரிகிறது, தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து போனது தெரியவில்லையே என்று வாதத்தைத் தொடங்கினான். முக்கில் எதையும் அழிப்பதில்லை என்பது என் கொள்கை. அதை அழித்தேன். அவனிடம் கேட்கவில்லை.

மறுநாள் குளச்சல் படகு ஒன்று கண்டுபிடித்தது. கார்டில் இருந்ததில் ஆகத் தூரத்துப் பாருக்குத் தெற்கே வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, கூடப்போன இரண்டுபேர் உயிரோடு இருந்தார்கள். தம்பி இல்லை. அவன் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

துக்கத்துக்குப் போயிருந்தேன். தம்பி பொண்டாட்டி இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று கத்தினாள். "ஆளும் போச்சு, பாரும் போச்சு. ஊருக்கெல்லாம் வெளம்பிட்டியளே, எனக்க பிள்ளையளுக்கு என்ன வச்சிய?" கூட்டத்தில் யாரோ அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஓலையக்கா தலையைக் குனிந்து முழுதையும் கேட்டார். வெளியே வந்ததும் நான், "ரெண்டு உயிரு வந்துதே அக்கா, அது உங்களால்தானே" என்றேன்.

"அத நெனச்சுட்டுத்தான் நிக்கேன் தம்பி. ஆனா அவ கேட்டது சரி. அது அவளுக்க பிள்ளையளுக்குள்ளது. அவகிட்டயும் நான் கேக்கல்ல" என்றார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடல் தெளிந்த பிறகு ஒரு ஞாயிறு, வள்ளத்தைக் கண்டெடுத்த அந்தக் குளச்சல் படகுக்காரர் கடைக்கு வந்ததாகச் சொன்னார்கள். இடம் இப்போது எல்லோர் கையிலும் இருந்தது. கேட்காமலே போய்த் தூண்டில் போடலாம், யாரும் ஒன்றும் சொல்லமுடியாது. அவர் வந்து கேட்டார். "அக்கா, அந்தப் பாருல போடட்டா?"

"எங்கிட்ட கேக்காதுங்க அண்ணே. தம்பி பொண்டாட்டிகிட்ட போய்க் கேளுங்க."

அவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவர் அடுத்த ஞாயிறும் போனார், அன்றும் இல்லை. மூன்றாம் ஞாயிறு, "போட்டுக்கிடுங்க. பிள்ளையளுக்குக் கறிக்கு மீனு கொண்டுவாங்க" என்றாளாம். அந்தப் பாரில் போடுகிற வள்ளங்கள் இன்றும் அந்த வீட்டுக்கு மீன் கொடுத்துவிட்டுத்தான் ஏலத்துக்குப் போகின்றன. இது எனக்குக் குளச்சல்காரர் சொன்னது. ஓலையக்கா இதைப்பற்றி என்னிடம் பேசியதில்லை.

முக்கு மெல்ல மெல்லக் காலியாயிற்று. சண்டை போடுகிறவர்கள் எல்லாம் போனுக்குள் போய்விட்டார்கள். சும்மா கிடப்பதற்கு எதற்கு வாடகை கட்டுவது என்று மூடிவிட முடிவுசெய்தேன். மற்றவர்கள் எழுதியதை நான் பாட்டுக்கு அழித்துவிட முடியாதே, அதனால் முறைப்படி ஓலை போட்டேன். முக்கை மூடப்போகிறேன், தடை உள்ளவர்கள் சொல்லுங்கள். முதல் ஞாயிறு யாரும் வரவில்லை. இரண்டாம் ஞாயிறு தம்மாம் அண்ணன் வந்து, "நிலாப் பத்திரத்தை மட்டும் முதல்ல அழி மக்கா" என்று எழுதிவிட்டுப் போனார். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்த நேரத்துக்குப் போன் வந்தது.

"தம்பி, எனக்கு ஒரு தடை உண்டு."

"சொல்லுங்கக்கா."

"மத்தது எல்லாத்தையும் எடுத்துக்கோ. அந்த ஓலை மட்டும் கெடக்கட்டு. அவன் இன்னும் ஒண்ணும் சொல்லல்லியே."

சரியக்கா என்றேன். முக்கில் இப்போது அந்த ஒரு பக்கம்தான் இருக்கிறது. அதற்கு அடியில் பதில் எழுதுகிற கட்டத்தை நான் மூடவில்லை.